தூக்குவதற்கு முன்னால் ஒரு பலகை

ஜாக் போடுவது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லித் தரப்போவதில்லை. மெக்கானிக் ஷெட்டில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அதைக் கற்றிருப்பீர்கள். எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று வண்டியோடு வரும் புத்தகத்திலும் படம் போட்டிருக்கும். நான் சொல்ல வந்தது புத்தகத்தில் இல்லாத விஷயம். சுற்றிலும் தெருவே கூடி நின்று கத்தும்போது, நம் கைகளும் உடனே ஏதாவது செய்துவிடத் துடிக்கும்போது, எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது என்று தீர்மானிக்கிற விஷயம். வண்ணார்பேட்டையில் நான் ஷெட் நடத்திய காலத்தில் எனக்குக் கிடைத்த நல்ல பெயரில் பாதி ஸ்பானர் பிடித்து வந்தது. மீதிப் பாதி இப்படிப்பட்ட தீர்மானங்களால் வந்தது. தம்பிகளும், இப்போது இந்தத் தொழிலுக்கு வரத் தொடங்கியிருக்கிற தங்கச்சிகளும், அதில் ஒன்றையாவது கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் நம் ஊரில் ஓடிய கார்கள் எல்லாம் உயரமானவை. அம்பாசடருக்கு அடியில் ஒல்லியான ஆள் ஜாக் இல்லாமலே நுழைந்து வெளியே வந்துவிடுவான். அந்தச் சமயத்தில்தான் மேலப்பாளையத்து மீரான் பாய் சிங்கப்பூரை விட்டு ஒரேயடியாக ஊர் திரும்பினார். அவரோடு ஒரு காரும் கப்பலேறி வந்து தூத்துக்குடியில் இறங்கியது. இரண்டு பேர் மட்டும் உட்காருகிற ஜப்பான் பந்தய வண்டி. உட்காருகிற என்று சொல்வதுகூடத் தப்பு, அதில் படுக்கத்தான் முடியும். வயிறு தரையைத் தொட்டுவிடுமோ என்கிற மாதிரி தாழ்ந்து கிடக்கும். தெருப் பிள்ளைகள் அதற்குத் தவளை என்று பெயர் வைத்தார்கள்.

மீரான் பாய் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவர். தன் வண்டியைத் தானே கழற்றி மாட்டுவதில் அவருக்குத் தனிச் சந்தோஷம். வண்டிக்காரர் தானே அடியில் போய்ப் பார்த்தால் நம் பிழைப்பு போய்விடும் என்று நினைக்காதீர்கள். அப்படிப்பட்டவர்தான் கோளாறைச் சரியாக வந்து சொல்வார். எனக்கு அவரைப் பிடித்துப் போனதும் அதனால்தான்.

ஒரு வியாழக்கிழமை அவர் ஷெட்டுக்கு வந்தார். வேகத்தடையில் அடிபட்டு, சைலன்சரைத் தொங்கவிட்டுப் பிடிக்கும் ரப்பர் அறுந்துபோயிருந்தது. குழாய் தரையில் உரசிக்கொண்டு வந்த சத்தம் தூரத்து ஆற்றுப் பாலத்திலிருந்தே கேட்டது.

"அண்ணாச்சி, புது ரப்பர் என் கையிலயே இருக்கு. மாட்டணும்னா வண்டியத் தூக்கணும். ஒம்ம ஜாக்கு இதுக்கு அடியில போவுமா?"

குனிந்து பார்த்தேன். "போவாது பாய். முதல்ல நாலு சக்கரத்தையும் பலகையில ஏத்தி உசத்தணும். பொறவுதான் ஜாக்கு. நாளைக்கு ஜும்மா தொழுகை முடிஞ்சு நானே வீட்டுக்கு வாரேன். அதுவரைக்கும் தொடாதீங்க."

"செரி, வாரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு, சக்கரம் வைத்த பெரிய ஜாக், இரும்பு ஸ்டாண்டுகள், கொஞ்சம் மரக்கட்டைகள் எல்லாவற்றையும் ஒரு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். அவர் தெருவுக்குள் திரும்பும்போதே வீட்டு வாசலில் கூட்டம் தெரிந்தது. தொழுகை முடிந்து திரும்பியவர்கள், எல்லோரும் வெள்ளை உடுப்பில். ஏதோ விசேஷம் போலிருக்கிறது என்று நினைத்தேன். பிறகு ஒரு பெண் குரல் அலறியது.

அந்த வீட்டின் முன்பக்கம் சிமெண்ட் தளம். மழைத் தண்ணீர் வடிவதற்காகத் தெருவைப் பார்த்துச் சரித்துப் போட்டிருந்தார்கள். மாடி கட்டும் வேலை நடந்ததால் ஓரத்தில் செங்கல்லும் சென்ட்ரிங் பலகைகளும் குவிந்து கிடந்தன. கார் மூக்கை வீட்டுப் பக்கமும் வாலைத் தெருப் பக்கமும் வைத்து நின்றது. வாலுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் தெரிந்தன. மீரான் பாயின் கால்கள்.

நடந்தது என்ன என்பது பார்த்ததும் விளங்கிவிட்டது. தொழுதுவிட்டு வந்தவர், நான் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று கைலியை மாற்றிக்கொண்டு இறங்கியிருக்கிறார். வண்டியோடு வந்த சின்னக் கத்தரி ஜாக்கால் பின்பக்கத்தை ஒவ்வொரு பக்கமாகத் தூக்கி, இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கியிருக்கிறார். கை நுழைய வசதியாக வலது பின் சக்கரத்தைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருக்கிறார். கை பிரேக்கும் போட்டிருக்கிறார், கியரிலும் விட்டிருக்கிறார். ஆனால் அந்த வண்டியில் கை பிரேக் பிடிப்பது பின் சக்கரங்களை. கியர் பிடிப்பதும் பின் சக்கரங்களை. அவை இரண்டும் தரையை விட்டு மேலே வந்துவிட்டால், வண்டியைப் பிடித்து நிறுத்த ஒன்றுமே இல்லை. முன் சக்கரங்கள் தள்ளுவண்டிச் சக்கரம் மாதிரி உருளும். உள்ளே படுத்து அவர் ரப்பரை இழுத்து மாட்டிய ஆட்டத்தில் வண்டி சரிவில் பின்னால் நகர்ந்திருக்கிறது. இடப்பக்கச் செங்கல் சாய்ந்து, அந்தப் பக்கம் டயர் தரையில் வந்து உட்கார்ந்துவிட்டது. வலப்பக்கம் சக்கரமே இல்லை. அங்கே வண்டியின் கனம் முழுவதும் கோணலாக நின்ற ஒரு செங்கல் அடுக்கின் மேல் இருந்தது.

அவர் மைத்துனர் காதர், நல்ல ஆகிருதி, தெருமுனையில் கடை வைத்திருப்பவர், பம்பருக்கு அடியில் இரண்டு கைகளையும் கொடுத்துவிட்டார். அவரோடு இன்னும் ஏழெட்டுப் பேர்.

"நல்லாப் பிடிங்கலே! நான் சொன்னதும் எல்லாரும் ஒண்ணாத் தூக்குங்க!"

கையிலிருந்த ஜாக் கம்பியைச் சிமெண்ட் தரையில் ஓங்கிப் போட்டேன். அந்தச் சத்தத்தில் எல்லோரும் திரும்பினார்கள்.

"கைய எடுங்க! ஒருத்தரும் தூக்கப்படாது!"

"என்னவே சொல்லுதீரு?" காதருக்குக் கண் சிவந்திருந்தது. "மச்சான் உள்ள கெடக்காரு!"

"நீங்க தூக்குனா இடப்பக்க டயரும் எந்திரிக்கும், காதர். வண்டி பின்னால உருளும். மச்சான் மேலதான் உருளும்."

சொல்லிக்கொண்டே, கைக்கு எட்டிய குவியலிலிருந்து செங்கல்களை எடுத்து முன் சக்கரங்களுக்குப் பின்னால் இறுக்கி வைத்தேன். கூட்டத்தில் ஒருத்தர் கத்தினார்: "ஆளு சாகக் கெடக்கு, இவரு கல்லு பொறுக்கிக்கிட்டு நிக்காரு!" அவர் மேல் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அப்படித்தான் தெரியும். நம் ஊரில் ஒருத்தருக்கு ஆபத்து என்றால் நாலு வீடு தள்ளி இருப்பவரும் இலையில் இருந்து எழுந்து ஓடிவருவார். அந்த ஈரம் நல்லதுதான். ஆனால் ஓடிவந்த கைகள் சும்மா நிற்காது. அவற்றுக்கு ஒரு வேலை வேண்டும். தப்பான வேலை எதிரில் இருந்தால் அதையே செய்துவிடும்.

அந்த நேரத்தில் என் பேச்சு எடுபடாது என்று தெரிந்தது. நான் அந்தத் தெருக்காரன் இல்லை. யார் சொன்னால் கேட்பார்கள் என்று சுற்றிப் பார்த்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு மீரான் பாயின் மனைவி ஜொஹரா அக்கா நின்றார். அலறியது அவர்தான். இப்போது சத்தம் நின்று முகம் வெளுத்திருந்தது. நேராக அவரிடம் போனேன்.

"அக்கா, தூக்குனா செங்கல் விழுந்துரும். நான் முதல்ல பலகை அடுக்கணும். எல்லாரையும் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க."

அவர் என் கண்ணைப் பார்த்தார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

"காதரு! கைய எடு. அண்ணாச்சி சொல்லுதத மட்டும் செய்யி."

காதர் கையை எடுத்தார். அவர் எடுத்ததும் மற்றவர்களும் எடுத்தார்கள். நெருக்கடியில் கூட்டத்தோடு வாதாடாதீர்கள். அந்தக் கூட்டம் யார் சொல்லுக்குக் கட்டுப்படுமோ, அந்த ஒருவரைத் தேடிப் பிடித்து இரண்டே வாக்கியத்தில் உண்மையைச் சொல்லுங்கள்.

நான் ஆட்டோவில் கொண்டுவந்த ஜாக்கும் ஸ்டாண்டும் அந்தத் தாழ்வில் நுழையாது. காதரையும் இன்னொருவரையும் சென்ட்ரிங் பலகை எடுத்துத் தரச் சொல்லிவிட்டு, நான் வலப்பக்கம் தரையோடு தரையாகப் படுத்தேன். மீரான் பாயின் முகம் பக்கத்தில் தெரிந்தது. தாடியெல்லாம் செங்கல் பொடி. சைலன்சர் குழாய் அவர் நெஞ்சின் மேல் அழுத்திக்கொண்டிருந்தது.

"பாய், நான் வந்துட்டேன். மூச்சு விட முடியுதா?"

"பைய... பைய விடுதேன்."

"காலு அசையுதா?"

"அசையுது. நவுர முடியல."

"அந்தச் செங்கல் எப்படி நிக்கி? எனக்கு இங்கேருந்து தெரியல."

 கண்ணைத் திருப்பிப் பார்த்தார். "மேல உள்ளது ரெண்டாப் பொளந்திருக்கு அண்ணாச்சி. பாதிதான் தாங்குது. பொடியாக் கொட்டுது."

"நான் இப்போ பலகை உள்ள தள்ளுதேன். குறுக்குச் சட்டத்துக்கு நேரா அடியில வரணும். உங்க கண்ணுதான் எனக்குக் கண்ணு. எங்கன நிறுத்தணும்னு நீங்கதான் சொல்லணும்."

அதைக் கேட்டதும் அவர் குரல் மாறியது. அதுவரை அது ஒரு பயந்த மனிதரின் குரல். அதற்குப் பிறகு அது பட்டறையில் கனத்தை இறக்கும்போது சைகை கொடுக்கிற ஆளின் குரல்.

"இன்னும் உள்ள... கொஞ்சம் கால் பக்கமா... போதும். அங்கன நிறுத்தும்."

இதையும் மனதில் வையுங்கள். வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டவர் வெறும் பாரம் இல்லை. உங்களுக்குத் தெரியாத பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆள் அவர். அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். உங்களுக்கும் உதவும், அவருக்கும் பயம் குறையும்.

பலகை மேல் பலகையாக அடுக்கிக்கொண்டே வந்தோம். கடைசியில், பலகைக்கும் வண்டியின் அடிச்சட்டத்துக்கும் நடுவில் விரல் நுழைகிற இடைவெளி மிஞ்சியது. இன்னொரு பலகை அதில் போகாது. அந்த இடைவெளியை அப்படியே விட்டுவிட்டாலும் ஆபத்து, அந்த அளவுக்கு வண்டி இறங்கினால் அவர் விலா எலும்பு தாங்காது.

"சென்ட்ரிங் ஆப்பு கெடக்கும், எடு!" என்றேன். காதர் குவியலுக்கு ஓடினார்.

அப்போதுதான் மீரான் பாயின் பேச்சு நின்றது.

"பாய்?" பதில் இல்லை. "மீரான் பாய்!" பதில் இல்லை.

ஜொஹரா அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். கூட்டம் மறுபடி பொங்கிவிட்டது. "போச்சுவே, எல்லாம் போச்சு" என்று ஒரு குரல். கையில் ஆப்போடு ஓடிவந்த காதர் அதை என் பக்கம் வீசிவிட்டு நேராகப் பம்பருக்குப் போனார். மற்றவர்களும் போனார்கள்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடத்தில் எனக்கும் தூக்கிவிடலாம் என்றுதான் தோன்றியது. எழுந்து அவர்களோடு நின்று ஒரு கை கொடுக்கலாம் என்று உடம்பெல்லாம் இழுத்தது. அவர் மூச்சு நின்றிருந்தால் ஒவ்வொரு நொடியும் பெரிது. ஆனால் மூச்சு நின்றிருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்தச் செங்கல் பாதியாகத்தான் நின்றது. அது மாறவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே நிச்சயம் அதுதான். தெரியாத ஒன்றுக்காகத் தெரிந்த ஒன்றைக் கைவிடக் கூடாது என்று முடிவெடுத்தேன்.

"காதர், ஒரே ஒரு ஆப்பு! இத மட்டும் வச்சிருதேன். பொறவு நீ சொன்னபடி செய்வோம்!"

அவர் கை பம்பரில் இருந்தது. தூக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆப்பை இடைவெளியில் வைத்து, சுத்தியல் போடாமல் உள்ளங்கையால் அழுத்தினேன். அது போய் இறுகியது.

அழுத்திய கையை நான் வெளியே எடுத்ததும் 'டப்' என்று ஒரு சத்தம். செங்கல் நொறுங்கிவிட்டது. வண்டி குலுங்கியது. வலப்பக்கம் முழுக் கனமும் பலகைகளின் மேல் வந்து உட்கார்ந்தது. பலகைகள் முனகின. அவ்வளவுதான். வண்டி நின்றுவிட்டது.

 செங்கல் பொடி புகையாக அடியிலிருந்து வந்தது. அந்தப் புகைக்குள்ளிருந்து முதலில் இருமல் கேட்டது. பிறகு குரல்.

"அண்ணாச்சி... பலகை நிக்கி."

வாயெல்லாம் செங்கல் பொடி விழுந்து பேச முடியாமல் கிடந்திருக்கிறார். பேச முடிந்ததும், தன் வலியைச் சொல்லவில்லை, கொடுத்த வேலையைத்தான் சொன்னார். காதர் பம்பரை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினார்.

அதற்குப் பிறகு எல்லாம் நிதானமாக நடந்தது. விழுந்து கிடந்த கத்தரி ஜாக்கை இழுத்து, ஒரு பலகைக்கு மேல் வைத்து, கதவுக்குக் கீழே உறுதியான இடம் பார்த்துக் கொடுத்தேன். கொஞ்சம் தூக்குவது, தூக்கிய அளவுக்குப் பலகை செருகுவது. மறுபடி கொஞ்சம், மறுபடி பலகை. சுவரில் சாய்ந்திருந்த சக்கரம் படுக்க வைத்து உள்ளே போகிற அளவுக்கு இடம் வந்ததும், அதையும் தள்ளிவிட்டேன். இனி என்ன நடந்தாலும் வண்டி அந்தச் சக்கரத்துக்குக் கீழே இறங்காது. அப்போதுதான் "காதர், வா" என்றேன். அவர் மச்சானின் தோளுக்கு அடியில் கை கொடுத்து, குழந்தையை இழுப்பதுபோல் இழுத்தார். தூக்க வந்த மற்ற கைகளும் அப்போது உதவின. பலகையிலேயே கிடத்தி, நான் வந்த ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். விலா எலும்பு விரிசல் விட்டிருந்தது, தோளில் தோல் உரிந்திருந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் காதர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நாங்க அத்தன பேரு இருந்தோமே அண்ணாச்சி. தூக்கியிருக்க முடியாதா?"

"தூக்கியிருப்பீங்க. எனக்கு அதுல சந்தேகமே இல்ல. தூக்குன பொறவு என்ன செய்வீங்க? பிடிச்சுக்கிட்டே நிக்கணும். அதுக்குள்ள ஒருத்தருக்குக் கை வழுக்கும், ஒருத்தர் காலு சறுக்கும். பலகைக்குக் கை வழுக்காது."

 அவர் எழுந்து போய் இரண்டு டீ வாங்கிவந்தார்.   

தூக்குவது கண்ணுக்குத் தெரிகிற வேலை. முட்டுக் கொடுப்பது அப்படி இல்லை. அதனால்தான் நெருக்கடியில் எல்லோரும் தூக்கத்தான் ஓடுவார்கள். நீங்கள் ஒருத்தராவது, இப்போது இருக்கிற நிலையிலிருந்து இது இன்னும் மோசமாகாமல் இருக்க என்ன செய்யலாம் என்று முதலில் பாருங்கள். காரைத் தூக்கும்போது மட்டுமில்லை, கியர் பெட்டி இறக்கும்போதும், கொதிக்கும் ரேடியேட்டர் முன்னால் நிற்கும்போதும் அதுதான் முறை.

மீரான் பாய் எழுந்து நடமாடத் தொடங்கியதும் சொந்தக்காரர்கள் எல்லோரும் அந்த வண்டியை விற்றுத் தொலைக்கச் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நடக்கும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் ஒரு நாள் காலையில் ஜொஹரா அக்காவும் அவரும் ஷெட்டுக்கு வந்தார்கள். மீரான் பாய் ஓரமாக நின்றுகொண்டார். அக்காதான் பேசினார்.

"வண்டிக்கு ஆயில் மாத்தணுமாம். இவரு அடியில போவாம இருக்க மாட்டாரு அண்ணாச்சி. நான் வேண்டாம்னு சொன்னா, நான் வீட்டுல இல்லாத நேரமாப் பார்த்துப் போவாரு. அதனால போவட்டும். எப்படி வச்சா விழாதுன்னு சொல்லித் தாங்க. அவருக்கு வேண்டாம். எனக்குச் சொல்லித் தாங்க."

மீரான் பாய் கூரையைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே போனேன். அக்கா ஒவ்வொன்றையும் ஏன் என்று கேட்டார். ஏன் வண்டியை முதலில் பலகையில் ஏற்ற வேண்டும், ஏன் தரையில் நிற்கிற சக்கரத்துக்கு முன்னாலும் பின்னாலும் கட்டை வேண்டும், ஜாக் தூக்குவதற்கு மட்டும்தான் என்றால் தாங்குவதற்கு எது. கேட்டுக் கேட்டு, கட்டைகளைத் தானே இறுக்கி வைத்தார். இரண்டு ஸ்டாண்டுகளின் மேல் வண்டியை இறக்கினோம். கழற்றிய சக்கரத்தை அவரே உருட்டிக்கொண்டு வந்து, அடியில் படுக்க வைத்துத் தள்ளினார்.

மீரான் பாய் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார்.

"நில்லுங்க" என்றார் அக்கா. "அண்ணாச்சி, உள்ள போறதுக்கு முன்னால ஆட்டிப் பாக்கணும்னு சொன்னீங்கள்ல?"

"ஆமாக்கா. நல்லாத் தள்ளிப் பாருங்க. விழுறதா இருந்தா இப்பவே விழட்டும்."

அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு, வண்டியின் பக்கவாட்டில் இரண்டு கைகளையும் ஊன்றி, பலங்கொண்ட மட்டும் தள்ளினார். வண்டி அசையவில்லை. ஆனால் அடியில் எங்கேயோ 'டக்' என்று லேசாக ஒரு சத்தம்.

மீரான் பாய் என்னைப் பார்த்தார். "அது ஒண்ணுமில்ல. ஸ்டாண்டு கால் செட்டாகுது" என்றார். அவர் சொன்னது சரிதான். எனக்கும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

"எறக்குங்க" என்றார் அக்கா.

"ஏ ஜொஹரா, அது ஒண்ணுமில்ல..."

"சத்தம் வந்துச்சுல்லா? எறக்கி மறுபடி வைங்க."

இறக்கினோம். ஸ்டாண்டுக்கு அடியில் கிடந்த ஒரு சின்னக் கல்லை எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி வைத்தோம். அக்கா மறுபடி தள்ளினார். பிறகு அந்தப் பக்கம் போய் அங்கிருந்தும் தள்ளினார். காதைச் சாய்த்துக் கேட்டார். ஒரு சத்தமும் இல்லை.

"ம்" என்றார். "இப்போ போங்க."

மீரான் பாய் உள்ளே போனார். அவர் ஆயிலை மாற்றிவிட்டு வெளியே வரும்வரை அக்கா அந்த இடத்தை விட்டு நகரவில்லை. அங்கே எனக்குச் செய்ய ஒரு வேலையும் இருக்கவில்லை.